மச்சான் போட்ட கோல்

கோல்வின் ரிவர் ஊருக்கென்று ஐஸ் ஹாக்கியில் இருப்பது ஒரே ஒரு கோப்பை. அறுபத்து மூன்றாம் வருஷம் மார்ச்சில் ஜெயித்தது. அதற்கு முன்னால், ஆலைக்காரர்கள் தீயணைப்புக் குழாயால் மைதானத்தில் தண்ணீர் பாய்ச்சி உறையவிட்டு ஆடிய காலத்திலும் சரி, பின்னால் கூரை போட்ட அரங்கம் வந்த பிறகும் சரி, ஊர் வேறெதையும் கண்டதில்லை. கோப்பையைக் கொண்டுவந்த அந்தக் கடைசி நேரத்துக் கோலைப் போட்டவர் லூசியன் பிரிஸ்புவா. அதை வாங்கிக்கொண்டவர் எதிரணியின் கோல்கீப்பர் வெய்க்கோ லாஹ்தி.

வெய்க்கோவின் கெட்ட நேரம், அவருடைய சொந்த ஊரில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பிழைப்புக்கு இந்த ஊர்க் காகித ஆலைக்கே வரவேண்டியதாயிற்று. வந்த இடத்தில் ஓடீல் என்ற பெண்ணை விரும்பினார். கல்யாணம் பேசப் போன வீட்டில் பட்டாணி சூப்போடு எதிரே உட்கார்ந்திருந்த அண்ணன்காரர், லூசியன்!

அன்று பிடித்த சனி. கிறிஸ்துமஸோ ஈஸ்டரோ, சூப் ஆறுவதற்குள் யாராவது அந்தக் கோல் பேச்சை எடுத்துவிடுவார்கள். வெய்க்கோவும் சளைக்காமல் சொல்லுவார்: லூசியன் வழுக்கி விழுந்தார், ரப்பர் வட்டு மட்டையில் படவே இல்லை, காலால் உதைபட்டுத்தான் உள்ளே போனது, காலால் உதைத்தால் கோல் கிடையாது. எல்லாரும் சிரிப்பார்கள். போதாததற்கு அரங்கத்தின் வெளிச்சுவரில் அந்தக் காட்சியைப் பெரிதாக வரைந்து வைத்திருந்தார்கள். மண்டியிட்டு, இரண்டு கையையும் விரித்து, வாயைப் பிளந்துகொண்டு வெய்க்கோ. நடுவரிடம் நியாயம் கேட்டுக் கத்திய வாய் அது. ஊருக்கு அது அழுகிற வாய்.

ஐம்பதாம் ஆண்டு விழா வந்தது. விழாவை நடத்திய டோரீன் வீடு தேடி வந்தாள்.

"அந்தக் கோல திரும்ப நடத்திக் காட்டணும்ண்ணே. நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம், சும்மா நின்னாப் போதும். லூசியன் அண்ணன் அடிப்பாரு, உள்ள போயிரும், நாங்க சைரன் ஊதிருவோம்."

"அன்னிக்கும் அதத்தான பண்ணீங்க?" என்றார் வெய்க்கோ.

அவள் போன பிறகு ஓடீல் பிடித்துக்கொண்டாள். "போயேன். அண்ணனுக்கு இடுப்பெலும்பு மாத்தியாச்சு. இனிமே எத்தன தடவ மட்டையப் பிடிக்கப் போறான்?"

"என் இடுப்பப் பத்தி யாருக்காவது கவல இருக்கா?"

"உன் இடுப்புக்கு ஒரு கேடும் இல்ல. வாய்க்குத்தான்."

போனார். சனிக்கிழமை மதியம், அரங்கம் நிரம்பி வழிந்தது. இரவல் கால்கவசம் கட்டிக்கொண்டு கோலில் நின்றார். லூசியன் மெல்லச் சறுக்கிக்கொண்டு வந்து அடித்தார். விட்டுவிடத்தான் நினைத்தார் வெய்க்கோ. ஆனால் கால் தன்னால் நீண்டு தடுத்துவிட்டது. கூட்டம் 'ச்சே' என்றது.

"அண்ணனுக்குப் பழைய ஞாபகம்! இன்னொரு தடவ பாக்கலாமா?" என்று டோரீன் ஒலிபெருக்கியில் சமாளித்தாள்.

இரண்டாவது தடவை வேண்டுமென்றேதான் பிடித்தார். சீழ்க்கைகள் பறந்தன. கூட்டத்தில் ஓடீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டது கோலிலிருந்தே தெரிந்தது. லூசியன் மூச்சிரைக்கப் பக்கத்தில் வந்து கோல்கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

"டேய் மாப்ள, என்னடா பண்ற? இடுப்பு விட்டுப்போயிரும் போலருக்கு."

"ஒண்ணே ஒண்ணு சொல்லு மச்சான். இங்க பேசுறது யாருக்கும் கேக்காது. காலா, மட்டையா? சொல்லிட்டேன்னா எத்தன கோல் வேணும்னாலும் விடுறேன்."

லூசியன் கம்பத்தை விடாமலே சொன்னார்: "தெரியலடா."

"பொய் சொல்லாத."

"சத்தியமாத் தெரியல. நான் குப்புறக் கெடந்தேன். மூஞ்சி பூராப் பனி. எந்திரிக்கிறதுக்குள்ள நம்ம பசங்க மொத்தமும் மேல விழுந்துட்டானுங்க. கோல் கோல்னு கத்துனானுங்க, நானும் கத்துனேன்."

"அப்புறம் எதுக்கு மட்டையத் திருப்பி அடிச்சேன்னு வருஷா வருஷம் அளக்கிற?"

"ஊரே அப்படிச் சொல்லுது. நான் மட்டும் இல்லேன்னு சொல்லவா?"

இந்த மனுஷன் ஒருநாள் ஒத்துக்கொள்வார், இல்லையென்றால் சாகும்வரை சாதிப்பார் என்றுதான் இத்தனை காலம் வெய்க்கோ நினைத்திருந்தார். சண்டை போடக்கூட எதிரில் ஆள் இல்லை என்று தெரிந்துகொள்ள ஐம்பது வருஷமா? அந்த நடுவரும் எப்போதோ கல்லறைக்குப் போய்விட்டார்.

மூன்றாவது தடவை அசையாமல் நின்றார். லூசியனுக்கோ தெம்பில்லை. வட்டு தேய்ந்து தேய்ந்து வந்து, கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது. அரங்கமே எழுந்து நின்று அதைப் பார்த்தது. யாரும் எதுவும் செய்யவில்லை. கடைசியில் வெய்க்கோவே தன் மட்டையால் அதை உள்ளே தள்ளிவிட்டார்.

சைரன் அலறியது.

"அண்ணே, அப்படியே மண்டி போட்டு, அழுற மாதிரி ஒரு போட்டோ!" என்றாள் டோரீன். அவர் காதில் வாங்காமல் வெளியேறி, பெஞ்சில் உட்கார்ந்து ஸ்கேட் பூட்ஸின் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். விரல் மரத்திருந்தது. முடிச்சு இறுகிக்கொண்டே போனது. உள்ளே ஒலிபெருக்கியில் லூசியன் உற்சாகமாகத் தொடங்கியிருந்தார்: "வட்டு வந்துச்சா, நான் மட்டைய இப்படித் திருப்பி..."

ஓடீல் வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள். "நீயே தள்ளிவிட்டியே. அதுவே பெருசு."

"உங்கண்ணனுக்குத் தெரியலையாம்டி."

"என்ன தெரியல?"

"ஒண்ணுமில்ல, விடு."

அவளும் முடிச்சை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். அது அசைவதாக இல்லை.

"கத்திரி இருந்தா வாங்கிட்டு வா, வெட்டிரு" என்றார் வெய்க்கோ.