மேலே வரச் சொன்ன குரல்

என் புருஷனுக்குப் பொய் மட்டும் தண்ணீர் பட்ட பாடு. என் தம்பியைக் கடலுக்குள்ளிருந்து பாதியில் மேலே வரச் சொன்னவர் அவர்தான். "அவனா அவசரப்பட்டு ஏறிட்டான்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவரும் அவர்தான்.

கடலடியில் குழாய்களைப் பழுது பார்ப்பது எங்கள் தொழில். படகு அவருடையது. ஆழத்திலிருந்து ஏறும்போது எங்கெங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கணக்குப் போடுவது நான். ஆழத்தில் இழுத்த காற்று ரத்தத்தில் கரைந்து கிடக்கும். நின்று நின்று ஏறினால் மெல்ல வெளியேறிவிடும். நிற்காமல் ஏறினால் குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்த கதைதான்.

தம்பி கடைசி நிறுத்தத்தில் நின்றிருந்தபோது இவருக்கு ஏதோ விருந்துக்கு நேரமாகிவிட்டதாம். கீழே இருப்பவன் காதில் கேட்கும் மைக்கை எடுத்து, "மேல வந்துடு மாப்ள" என்றிருக்கிறார். முதலாளி, அதுவும் அக்கா புருஷன். இவன் ஏறிவிட்டான். சாயங்காலத்துக்குள் இரண்டு கால்களும் விழுந்துவிட்டன. அன்று நான் கரையில் இருந்தேன். இன்ஜின் இரைச்சலில் அவர் சொன்னது வேறு யார் காதிலும் விழவில்லை. தம்பி உண்மையைச் சொன்னான். கால் போன ஆத்திரத்தில் உளறுகிறான் என்றார்கள். வயிறு எரிய எரிய அந்த மனுஷனுக்குச் சோறு போட்டேன்.

போன வாரம் சம்பளத்துக்கு மூழ்கும் ஆள் வேலையை விட்டு நின்றுவிட்டான். இவரே இறங்க வேண்டிய நிலை. கணக்கைப் பார்த்துப் போடு என்று என்னிடம் கெஞ்சினார். போட்டேன், இதுவரை யாருக்கும் போடாத அளவுக்குப் பத்திரமாக. வழக்கத்தைவிட ஆழத்திலேயே முதல் நிறுத்தம், கடைசி நிறுத்தம் எல்லாவற்றிலும் நீளம், அங்கே கயிற்றில் கட்டிய ஓர் உபரி காற்று டேங்க். பொண்டாட்டிக்கு இவ்வளவு அக்கறையா என்று மனுஷன் பூரித்துப் போனார். அவர் கீழிருந்து பேசுவது எல்லாருக்கும் கேட்கும்படி படகில் ஒரு ஸ்பீக்கரையும் மாட்டி வைத்தேன். அது அவருக்குத் தெரியாது.

அவர் கடைசி நிறுத்தத்துக்கு வந்ததும் இன்ஜின்காரரிடம் இன்ஜினை அணைக்கச் சொன்னேன். தம்பியின் சக்கர நாற்காலியைத் தள்ளி வந்து, மைக்கை அவன் கையில் கொடுத்தேன்.

"மேல வந்துடுங்க மச்சான்" என்றான்.

ஏறினால் ஏறித் தொலையட்டும் என்று ஒரு நொடி நினைத்தேன். மறைப்பானேன்.

"மாப்ளயா? இன்னும் நேரம் ஆகலயேடா."

"பரவால்ல, வாங்க. விருந்துக்கு நேரமாச்சு."

"விளையாடாத. இப்ப ஏறுனா கால் போயிடும்."

"அன்னைக்கு நீங்க கூப்பிட்டப்ப போகாதுன்னு நெனச்சீங்களா மச்சான்?"

ஸ்பீக்கரில் குரல் இறங்கி வந்தது. "நான் கூப்பிட்டது தப்புதான்டா. நான் ஒத்துக்கிட்டத உங்கக்காகிட்ட மட்டும் சொல்லிடாத."

படகில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். இன்ஜின்காரர் தம்பியைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை நாளும் அவனை உளறுகிறான் என்றவர்களில் அவரும் ஒருவர்.

கணக்குப்படி நேரம் முடிந்தது. வரலாமா என்று கீழிருந்து கேட்டார். மைக்கை நான் வாங்கினேன்.

"நேரம் ஆச்சுங்க. ஆனா அங்கயே இன்னும் கொஞ்சம் இருங்க, டேங்க்ல காத்து இருக்கு. என்ன அவசரம்? மேல வந்தா நீங்க நடக்கத்தானே போறீங்க."