ஏழாவது இன்னிங்ஸில் இடம் மாறுவது

ஃப்ளோரியன் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதே அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்குத் தெரியவில்லை. விசாரிக்கலாமென்றால் அவருடைய குடும்பப் பெயர்கூட என்னிடம் இல்லை. சிரிக்காதீர்கள். மில்வாக்கியில் பேஸ்பால் ஆட்டங்களுக்கு சீசன் டிக்கெட் வைத்திருந்த யாரைக் கேட்டாலும் இதே கூத்துதான். மூன்றாம் பேஸுக்குப் பின்னால், தூண் மறைக்காத வரிசையில், பதினொன்று என் நாற்காலி, பன்னிரண்டு அவருடையது. அவர் மனைவி எப்படி இறந்தாள், மழைக்கு முன்னால் எந்த முட்டி வலிக்கும், சாஸேஜில் எவ்வளவு கடுகு சாஸ் தடவ வேண்டும், எல்லாம் எனக்கு அத்துப்படி. போன் நம்பர் மட்டும் வாங்கத் தோன்றவே இல்லை. எதற்கு? நாளைக்கும் ஆட்டம் இருக்கிறதே.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் மைதானமே எழுந்து நின்று சோம்பல் முறித்துப் பாடும். அந்த நேரம் எங்கள் அணி பின்தங்கியிருந்தால், திரும்ப உட்காரும்போது நான் பன்னிரண்டிலும் அவர் பதினொன்றிலும் உட்காருவோம். அதிர்ஷ்டம் திரும்புமாம். பலித்ததைவிடப் பொய்த்ததுதான் அதிகம். ஆனாலும் ஒருநாளும் விட்டதில்லை.

தொண்ணூற்று நான்கு ஆகஸ்டில் ஊரெங்கும் வேலைநிறுத்தப் பேச்சு. ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு வரம்பு கட்ட வேண்டும் என்றார்கள் முதலாளிகள். நடக்காது என்றார்கள் ஆட்டக்காரர்கள்.

"இவங்க மட்டும் நெசமாவே மட்டையக் கீழ போட்டாங்கன்னா, லூசில், இந்தப் படியில என் கால் படாது. எங்கம்மா கல்லறை மேல சத்தியம்" என்றார் ஃப்ளோரியன், வாய் நிறைய சாஸேஜோடு.

"மொதல்ல மென்னு முழுங்கிட்டு சத்தியம் பண்ணுங்க."

"அடுத்த வாரம் நெஞ்சத் தொறந்து வால்வு மாத்தப் போறாங்க. வெள்ளிக்கிழம ஆட்டத்தப் பாத்துட்டுத்தான் வந்து படுப்பேன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

"அப்ப வெள்ளிக்கிழம பாப்போம்."

"பாப்போம்."

அந்த வெள்ளிக்கிழமைதான் வேலைநிறுத்தம் தொடங்கியது.

செப்டம்பரில், சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரையே ரத்து செய்துவிட்டார்கள். டிவியில் இரண்டு பக்கத்து வக்கீல்களும் மாறி மாறி வந்து, ரசிகர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது என்றார்கள். வருத்தப்படுகிற முகமா அது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மைதானத்து டிக்கெட் அறைக்குப் போனேன். பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மிச்சமிருந்த ஒரு பெண் கேட்டாள்: "ஃப்ளோரியன்னா, ஃப்ளோரியன் என்ன?"

"பன்னிரண்டாம் நாற்காலி."

"அடுத்தவங்க விவரமெல்லாம் தர முடியாது மேடம்."

ஆஸ்பத்திரிகளும் குடும்பப் பெயரைத்தான் கேட்டன. காலையில் பேப்பர் வந்தால் முதலில் இறந்தவர்கள் பக்கத்தைப் பிரிப்பேன். அந்தக் குளிர்காலத்தில் இரண்டு ஃப்ளோரியன்கள் போய்ச் சேர்ந்தார்கள். ஒருவருக்குப் பெரிய மீசை, இன்னொருவர் பாதிரியார். அப்பாடா என்று பெருமூச்சு விட்டு, உடனே அந்தப் பாதிரியாருக்காக ஒரு ஜெபம் சொன்னேன். என் கணவர் ரே இறந்த வருடம்கூட சமையலறை ரேடியோவில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வருடம் அதுவும் இல்லை. ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன்.

மறுவருடம் ஏப்ரல் கடைசியில் ஆட்டம் திரும்பியது. போகக்கூடாது என்றுதான் இருந்தேன். போனேன். பாதி மைதானம் காலி. வந்தவர்களும் ஆட்டக்காரர்களைப் பார்த்துக் கூச்சல் போட வந்தவர்கள். பன்னிரண்டில் யாருமில்லை. சத்தியத்தைக் காப்பாற்றுகிறாரா, செத்துவிட்டாரா? காலி நாற்காலியைப் பார்த்து எதைச் சொல்வது? ஏழாவது இன்னிங்ஸில் பின்தங்கியிருந்தோம். நான் மட்டும் பன்னிரண்டுக்கு மாறி உட்கார்ந்தேன். என் நாற்காலியும் காலியானதுதான் மிச்சம்.

ஜூன் மாதம், சூப்பர் மார்க்கெட்டில், பீன்ஸ் டப்பா அடுக்கியிருந்த வரிசையில் அவர் நின்றிருந்தார். தொப்பி இல்லாமல், இளைத்துப்போய், முழு வழுக்கையோடு. பாய்ந்து போய்க் கட்டிக்கொள்ளப் பார்த்தேன். பாதியில் கை நின்றுவிட்டது. ஹோம் ரன்னுக்கு எத்தனையோ முறை கட்டிக்கொண்டிருக்கிறோம். பீன்ஸ் டப்பாவுக்கு எப்படிக் கட்டிக்கொள்வது?

"வால்வு மாத்தியாச்சா?"

"மாத்தியாச்சு. பன்னி வால்வு. சேத்தைக் கண்டா ஒரு ஆசை வருது" என்றார். பிறகு கொஞ்ச நேரம் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஆட்டம் நடக்காத இடத்தில் எங்களுக்குப் பேசத் தெரியவில்லை.

"ஏழாவதுல யார்கூட இடம் மாறிக்கறீங்க?" என்று கேட்டார்.

"ஆளில்ல. நான் மட்டும் மாறி உக்காந்துக்கறேன்."

"ஒருத்தர் மாறினா பலிக்காது, லூசில்."

"அப்ப வாங்களேன்."

அவர் பீன்ஸ் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சத்தியம் பண்ணிட்டேன்."

"சத்தியம் பண்ணினது அவங்க மேல உள்ள கோவத்துல. தண்டன எனக்கா?"

அவர் டப்பாவை வண்டியில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். செத்திருந்தால் அழுது தீர்த்திருப்பேன். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, நான் இல்லாமலும் ஒரு கோடையை ஓட்டுகிற மனிதரை என்ன செய்வது? பில் போடும் வரிசையில் அவருக்கு இரண்டு ஆள் பின்னால் நின்றேன். அங்கிருந்த பெண் அவர் காசோலையைப் பார்த்து, "தேங்க்ஸ், மிஸ்டர் ரடோம்ஸ்கி" என்றாள். குளிர்காலம் முழுக்கத் தேடின பெயர். இப்போது கிடைத்து என்ன பிரயோஜனம்?

ஆனாலும் டெலிபோன் டைரக்டரியைப் புரட்டினேன். எஃப். ரடோம்ஸ்கி, என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி. நம்பரை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்துவிட்டு, வீம்பாகத் தொடாமல் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வெளியூரில் ஆட்டம். ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழாவது இன்னிங்ஸ், மூன்று ரன் பின்னால். என்ன நினைத்தேனோ, எழுந்து போன் போட்டேன்.

"ஹலோ" என்ற குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் கேட்டது. என் ரேடியோவில் பேசிய அதே வர்ணனையாளர், அதே வாக்கியம். சட்டென்று அந்தச் சத்தம் குறைந்தது.

"லூசில் பேசறேன்."

"நான்... நியூஸ் கேட்டுட்டிருந்தேன்."

"ஆமாமா. நியூஸ்ல நம்ம ஆளுங்க மூணு ரன் பின்னால இருக்காங்க. எங்க உக்காந்திருக்கீங்க?"

"சமையக்கட்டுல. ஜன்னல் பக்கம்."

"எந்திரிங்க. எதிர் நாற்காலிக்கு மாறுங்க. நானும் மாறறேன்."

அந்தப் பக்கம் தரையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. நான் போன் வயரை இழுத்துக்கொண்டு மேஜையின் மறுபக்கம் போய், ரே இறந்ததிலிருந்து யாரும் உட்காராத நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"உக்காந்தாச்சா?" என்றேன்.

"உக்காந்தாச்சு. ரேடியோவக் கொஞ்சம் கூட்டி வச்சிக்கட்டுமா?"

கூட்டி வைத்தார். இருவருமே போனை வைக்கவில்லை. அன்றும் தோற்றோம். அடுத்த ஆட்டம் எப்போது என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை என்றேன்.