தைத்தவளே பிரிக்கட்டும்

பள்ளிக்கூடங்கள் சீருடையை மொத்தக் கடைகளிலேயே வாங்க ஆரம்பித்த 1992இல், சேலையூர் மகளிர் தையல் சங்கத்துக்கு மூச்சு முட்டியது. செயலாளர் நான்தான், காந்திமதி. பக்கத்து சானடோரியம் பகுதியில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனி சட்டை ஆர்டர் தருவதாகச் சொன்னது. ஆனால் ஒருத்தியே முழுச் சட்டையையும் தைக்கும் எங்கள் வழக்கம் கூடாதாம். பாக்கெட் ஒருத்தி, கை ஒருத்தி என்று வரிசையாகக் கைமாற வேண்டும். முடியுமா என்று சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். முடியாது என்றால் சங்கத்தை இழுத்து மூட வேண்டியதுதான். மூடுகிற பேச்சே எனக்குப் பிடிக்கவில்லை.

மிஷின்களை வரிசையாகப் போட்டு, கைவசம் இருந்த துணியில் ஒத்திகை பார்த்தோம். எல்லாரும் நன்றாகத்தான் தலையாட்டினார்கள். சாயங்காலம் பார்த்தால், வழக்கமாகத் தேறுவதில் பாதிகூடத் தேறவில்லை.

மறுநாள்தான் காரணம் தெரிந்தது. அருள்மேரி தைத்து அனுப்பிய சட்டைக்கையை, அடுத்த மிஷினில் இருந்த செல்லம்மா சத்தமில்லாமல் பிளேடால் பிரித்துத் தானே மறுபடி தைத்துக்கொண்டிருந்தாள். அவள் மட்டுமா? வரிசை முழுக்க அதே கூத்து.

"என்ன செல்லம்மா இது?"

"கோணலா கீதுக்கா. அவகிட்ட சொன்னா மூஞ்ச தூக்கி வச்சிக்குவா. ஒரே தெருவுல இருந்துகினு எப்டிக்கா சொல்றது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாருடைய பிளேடையும் பிடுங்கி டிராயரில் போட்டுப் பூட்டினேன். "கோணலா இருந்தா தைச்சவகிட்டயே திருப்பிக் குடு. அவளே என்கிட்ட பிளேடு வாங்கிப் பிரிக்கட்டும்" என்றேன். ஒருத்தியும் திருப்பிக் கொடுக்கவில்லை. கோணல் சட்டைகள்தான் குவிந்தன. இவர்களுடைய நல்ல மனசே சங்கத்தைக் கொன்றுவிடும் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை, பாக்கெட் தைக்கும் கங்கையம்மாள் வரவில்லை. நானே அவள் மிஷினில் உட்கார்ந்தேன். நன்றாகத்தான் தைக்கிறேன் என்று எனக்கு நினைப்பு. கொஞ்ச நேரத்தில் செல்லம்மா ஒரு சட்டையோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"செக்ரட்டரிக்கா, பாக்கெட் கோணல். பிரிங்க."

மிஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. எனக்கு முகம் எரிந்தது. டிராயரைத் திறந்து பிளேடை எடுத்தேன். எல்லாரும் பார்க்கப் பிரித்தேன்.

செல்லம்மா அப்படியே அருள்மேரி பக்கம் திரும்பினாள். "உன் கையும் கோணல்டி."

அருள்மேரிக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து என்னிடம் வந்து பிளேடுக்குக் கை நீட்டினாள். மத்தியானத்துக்குள் அவளே இரண்டு காலரைத் திருப்பி அனுப்பினாள்; மற்றவர்களும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே திருப்பினார்கள், பிரித்தார்கள். மாலையில் குவிந்த சட்டைகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கேம்ப் ரோடு பூத்திலிருந்து கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"உங்க ஆளுங்க ரெடியாம்மா?" என்றார் மேனேஜர்.

"காலைலேர்ந்து ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கலை சார்," என்றேன். "ரெடிதான். துணியை அனுப்புங்க."