அசையாத கல்

கல்தச்சர் ஸ்லாவிக் கடப்பாரையைக் கல்லின் அடியில் செருகி, முழு உடம்பையும் அதன்மேல் போட்டு அழுத்தினார். கறுப்புக் கல்லறைக் கல் அசையவில்லை. அவரே அதில் செதுக்கிய இளைஞனின் முகம் அவர் தோளுக்கு மேலாகப் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அரேகா மடித்த படுக்கை விரிப்பை மார்போடு அணைத்தபடி நின்றாள். மகனின் எலும்புகளைச் சுற்றி எடுத்துப்போவதற்காகக் கொண்டுவந்தது. கீழே, ஸ்டெபனகெர்ட்டிலிருந்து ஆர்மீனியாவுக்குப் போகும் சாலையில் கார்களும் டிராக்டர்களும் நின்று நின்று ஊர்ந்தன. எதிரிப் படையிடம் கராபாக் சரணடைந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

"உள்ள என்னதான் வச்சிருக்க?" என்று கேட்டான் வலேரா. அவள் கொழுந்தன், அவன் லாரிதான் சாலையோரம் நின்றது.

"கம்பி கட்டியிருக்கேன். குழி முழுக்க மூடி கான்கிரீட்டு."

"செத்தவன் எழுந்து ஓடிருவான்னு பயந்தியா? எந்த மடையன் இப்படிப் போடச் சொன்னது?"

"நான்தான்," என்றாள் அரேகா. "மலைச்சரிவு, மழையில மண்ணு போயிரும்னு நான்தான் கெஞ்சினேன். நூறு வருஷமானாலும் பிள்ளை இருந்த இடத்துலயே இருக்கணும்னேன்."

வலேரா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டான்.

"கொட்டகையில கான்கிரீட் உடைக்கிற மெஷின் இருக்கு," என்றார் ஸ்லாவிக். "அது இருந்தா மத்தியானத்துக்குள்ள உடைச்சிரலாம். டீசல்தான் இல்லை."

எதிரிகள் மாதக்கணக்கில் வழியை அடைத்துவைத்திருந்ததால் ஊருக்குள் டீசல் வரவில்லை. மாவும் வரவில்லை, நகரசபைச் சம்பளமும் வரவில்லை. அரேகா லாரியைப் பார்த்தாள். பிறகு வலேராவைப் பார்த்தாள்.

"அண்ணி, என்னை அப்படிப் பார்க்காதீங்க. பின்னாடி பதினோரு பேர் உட்கார்ந்திருக்காங்க, கைக்குழந்தையோட. மலை ஏறி இறங்கணும். டீசல் தீர்ந்து நடுவழியில வண்டி நின்னா நான் யாரைத் தூக்குவேன்?"

அரேகா லாரியிலிருந்து பார்வையை எடுத்தாள். விரிப்பைப் பிரித்தாள், பிறகு அதே மடிப்பில் மடித்தாள்.

"முப்பது வருஷ நாடு," என்றான் வலேரா, கடப்பாரையைக் காலால் தள்ளியபடி. "உலகத்துல ஒருத்தனும் நாடுன்னு ஒத்துக்கலை. நகரசபை வாசல்ல நம்ம நாட்டுச் சின்னம்னு ஒரு கழுகு செதுக்கினியே அண்ணே, அதுக்கும் இப்படித்தான் கம்பி கட்டினியா?"

"அப்ப வயசு இருபத்தஞ்சு," என்றார் ஸ்லாவிக். "எல்லாத்துக்கும் கட்டினேன்."

கீழே ஹாரன் ஒலித்தது. அரேகா கல்லின் முன் மண்டியிட்டு, மகனின் கன்னத்திலிருந்த தூசியை முந்தானைபோல் தொங்கிய சால்வை நுனியால் துடைத்தாள்.

"அண்ணே, அந்தப் படைக்காரங்க வந்தா கல்லுல இருக்கிற முகத்துல சுடுவாங்களாமே?"

ஸ்லாவிக் கொட்டகைக்குப் போய், மிச்சமிருந்த சிமெண்டை வாளியில் குழைத்துக் கொண்டுவந்தார். கீழிருந்து பூசத் தொடங்கினார். தேதி மறைந்தது, பெயர் மறைந்தது, சட்டைக் காலரும் வாயும் மறைந்தன. கண்களுக்கு வந்ததும் அவர் கையிலிருந்த கரணை நின்றது.

"பூசுங்க," என்றாள் அவள்.

வலேரா அவள் கையைப் பிடித்து மேட்டிலிருந்து இறக்கி லாரிக்குக் கூட்டிப்போனான். விரிப்பு அவள் கக்கத்திலேயே இருந்தது.

ஸ்லாவிக் நிமிர்ந்தபோது அடுத்த வரிசையிலிருந்து ஒரு கிழவர் கூப்பிட்டார்: "தம்பி, எங்க வீட்டுப் பையனுக்கும்." அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள் தங்கள் கற்களுக்கு அருகில் நின்றார்கள். சிமெண்டு தீர்ந்ததும் ஸ்லாவிக் சாம்பல் களிமண்ணைக் குழைத்தார். வரிசை முழுக்கச் சாம்பல் நிறமாயிற்று.

நெரிசலில் லாரி அதிக தூரம் போயிருக்கவில்லை. பின்தட்டில் கூட்டத்துக்கு நடுவே அரேகா எழுந்து நிற்பது தெரிந்தது. அவள் கை மேட்டை நோக்கி நீண்டு, மகனைத் தேடி ஒரு கல்லிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்து, நின்று, மறுபடி வரிசையின் தொடக்கத்துக்குத் திரும்பியது.