இடது கையால் எழுதிய நோட்டு

கையில் ஒட்டிய மாவோடு திரும்பிய பிளாங்கா, மகள் செய்துகொண்டிருந்த வேலையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். எட்டு வயது வில்மா சமையலறை மேஜையில் உட்கார்ந்து, சிவப்புப் பென்சிலால் கணக்கு நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தாள். பள்ளிக்குக் கிளம்ப ஒரு மணி நேரம்தான் இருந்தது.

அந்த நோட்டில் ஒரு வரிகூட வில்மா எழுதியதில்லை. பிளாங்கா ஒரு வாரமாக இடது கையால் கோணல்மாணலாக எழுதி நிரப்பியது. பிள்ளை எழுதினது மாதிரி இருக்கட்டும் என்று பக்கத்துக்கு இரண்டு தப்பையும் போட்டு வைத்திருந்தாள்.

"ஏழெட்டு ஐம்பத்துநாலாம்மா?" என்றாள் வில்மா. "என் பேரைப் போட்டுத் தப்புத் தப்பா எழுதி வச்சிருக்கே. நான் எப்போ இப்படி எழுதினேன்?"

"நீ எழுதியிருந்தா நான் ஏன்டி எழுதப் போறேன்? ஒரு கணக்கு, ஒரே ஒரு கணக்கு, நோட்டுல போடுன்னா போட்டிருக்கியா?"

"விடைதான் தெரியுதே. அப்புறம் எதுக்கு எழுதணும்?"

இந்தக் கேள்விதான் பிளாங்காவின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் படிக்கிற பிள்ளையை அரை வருடத்துக்கு ஒருமுறை பள்ளியில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஜூனில் போனபோது ஹவ்லோவா டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார்: விடை மட்டும் போதாது, கணக்குப் போட்ட வழியும் வேண்டும், ஜனவரியில் நோட்டு இல்லாமல் வந்தால் கையெழுத்துப் போட மாட்டேன், பிள்ளை வகுப்புக்குத் திரும்ப வேண்டியதுதான். கணவன் யாரோமீரிடம் சொன்னால், "பேசாம அனுப்பிடேன்" என்று வாயில் ரொட்டியோடு சொல்வான். சுலபமாகச் சொல்லிவிட்டு அவன் வேலைக்குப் போய்விடுவான். போன வாரம் ஒரு கால் பூட்ஸோடு பாதியில் நின்று பைன் மரக் காயின் செதில்களை எண்ணியவள் வில்மா. ஒரு பக்கமாகச் சுற்றி ஏறும் வரிசை எட்டு, மறுபக்கமாகச் சுற்றுவது பதின்மூன்று. எல்லாக் காயிலும் அப்படித்தானா என்று பனியில் ஓடி ஒரு வாளி நிறையப் பொறுக்கி வந்தாள். இருவரும் தரையில் உட்கார்ந்து எண்ணியதில் உருளைக்கிழங்கு சூப் அடிப்பிடித்தது. பிளாங்கா கத்தினாள். கத்திக்கொண்டே அடுத்த காயை எடுத்தாள். அந்த வாளியைக் கொண்டுபோய்க் காட்டினால் யாராவது மதிப்பார்களா?

வகுப்புக்குத் திரும்புவது என்றால் என்ன என்று பிளாங்காவுக்கு மறக்கவில்லை. ஒன்றாம் வகுப்பில், "உனக்குத் தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும், வாயை மூடிக்கிட்டு உட்காரு" என்று தினமும் டீச்சரிடம் திட்டு வாங்கிய பிள்ளை, கை தானாக உயர்ந்துவிடுமே என்று இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளப் பழகியிருந்தது. ஒருநாள் வீட்டில் சாப்பாட்டு மேஜையிலும் அப்படியே உட்கார்ந்திருந்தது. மறுநாளே பிளாங்கா அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டாள்.

இப்போது அவள் மாவுக் கையாலேயே நோட்டைப் பிடுங்கினாள். எல்லாத் தப்பின் மேலும் சிவப்பு. வேறு நோட்டு எழுத நேரமில்லை. ஆத்திரம் கண்ணை மறைத்தது.

"அங்க வந்து வாயைத் திறந்தே, தெரியும் சேதி" என்றாள்.

பள்ளியில் ஈர பூட்ஸைக் கழற்றிவிட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். ஹவ்லோவா டீச்சர் பக்கங்களைப் புரட்டப் புரட்ட அவர் முகம் மலர்ந்தது.

"இப்பதான் நோட்டு நோட்டு மாதிரி இருக்கு. தப்புப் பண்றா, தானே திருத்திக்கறா. எல்லாப் பிள்ளைங்களையும் மாதிரி. இதைத்தானே நான் கேட்டேன்?"

பிளாங்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பைக் காட்டினால் சந்தோஷம், மூளையைக் காட்டினால் கோபம். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். டீச்சர் படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"ஒண்ணே ஒண்ணு நீயா சொல்லு, வில்மா. ஏழெட்டு எவ்வளவு?"

வில்மா அம்மாவைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

"பயப்படாம சொல்லு."

டீச்சர் பேனாவை மூடினார்.

"நோட்டுல இருக்கிறது வாயில வரலையேம்மா. வீட்ல வச்சுக்கிட்டு என்னத்தைச் சொல்லிக்கொடுத்தீங்க? திங்கக்கிழமையிலேருந்து கிளாஸுக்கு வரட்டும்."

கடித்துத் துப்பிவிட வேண்டும் போல இருந்தது பிளாங்காவுக்கு. டீச்சரை, யாரோமீரை, கல்லுச் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிற இந்தப் பெண்ணை. அப்போதுதான் பார்த்தாள். வில்மாவின் இரண்டு கைகளும் தொடைக்கு அடியில் இருந்தன.

"அது நான் எழுதின நோட்டு" என்றாள் பிளாங்கா.

"எது?"

"நோட்டு. தப்பெல்லாம் என்னோடது. திருத்தினது மட்டும்தான் அவ. வாயைத் திறக்கக் கூடாதுன்னு காலையில மிரட்டினதும் நான்தான்." பிளாங்கா மகள் பக்கம் திரும்பினாள். "வில்மா, நான் சொன்னதை விட்டுடு. உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு. எல்லாத்தையும் சொல்லு."

கையெழுத்தில்லாத படிவம் மேஜை நடுவில் கிடந்தது. வில்மா அதைப் பார்க்கவில்லை. முதலில் வலது கையை, பிறகு இடது கையை உருவி எடுத்து மேஜைமேல் மல்லாத்தி வைத்தாள். நாற்காலியின் மரச்சட்டங்கள் இரண்டு உள்ளங்கைகளிலும் சிவப்புக் கோடுகளாகப் பதிந்திருந்தன.