பாகம் பிரிக்காத குழாய்

எனக்குப் பொறுமை கிடையாது. வீடுகளைச் சூடாக்கும் பாய்லர் மாட்டும் தொழிலுக்கு அது பெரிய குறையில்லை. சுவரில் தொங்கப்போகும் பெட்டியிடம் யாரும் இனிக்க இனிக்கப் பேச வேண்டியதில்லை. மனிதர்கள்தான் தொல்லை. அதிலும் எங்கள் ஊர் வேக்ஃபீல்டின் நாரிஸ் ஹெய்க் மாதிரி ஒருவர் தேநீர்க் கோப்பையோடு தோளுக்குப் பின்னாலேயே நின்றால் முனிவருக்கும் கோபம் வரும்.

"சுவர்ல போட்ட கோடு ஒரு பக்கம் சாஞ்ச மாதிரி இருக்கே கண்ணு?"

"சாஞ்சு நிக்கிறது நீங்கதான் நாரிஸ். போய் உக்காருங்க."

பாவம், அவரால் உட்கார முடியவில்லை. மனைவி ஹில்டாவுக்கு இடுப்பு மூட்டை மாற்றியிருந்தார்கள். அன்று மாலை ஆஸ்பத்திரி வண்டியில் வீட்டுக்கு வருகிறார். குளிரில் வைக்கவே கூடாது, படுக்கையறை கதகதப்பாக இருக்க வேண்டும் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வெளியே பிப்ரவரி. வீட்டுக்குள்ளும் பிப்ரவரிதான். நாரிஸ் நிமிடத்துக்கொரு தரம் போய்க் கட்டிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முகம் வாடித் திரும்பி வந்தார்.

அது அவருடைய அப்பாவின் கல்வீடு. அப்பா இருக்கும்போதே பழைய பாய்லர் செத்துவிட்டது. அவரும் போன பிறகு, நாரிஸும் தம்பி கிளெமென்ட்டும் நடுவில் சுவர் எழுப்பி வீட்டைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு வாசல், குளிர்காய ஆளுக்கொரு மின்சார ஹீட்டர். எல்லாம் சுமுகமாகத்தான் முடிந்தது, தோட்டத்தில் அப்பா வைத்த ருபார்ப் பாத்தியைத் தவிர. எங்கள் ஊரில் அந்தப் புளிப்புத் தண்டுக்குச் சொத்தையே எழுதிக் கொடுப்பார்கள். யார் பக்கம் எத்தனை வேர் என்று ஆரம்பித்த சண்டை, பேச்சு வார்த்தை இல்லாமல் ஏழு வருஷமாக நின்றுகொண்டிருந்தது. சண்டை போட்டாலாவது பரவாயில்லை. இரண்டு பேரும் வாயையே திறக்கவில்லை.

நான் வேலையில் இறங்கினேன். பழைய குழாய்களைக் கழுவிவிட்டு, புதுப் பாய்லரைச் சமையலறைச் சுவரில் மாட்டினேன். எரிவாயுக் குழாய், உள்ளே வரும் பச்சைத்தண்ணீர், வெளியே போகும் வெந்நீர், அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குப் போகிற குழாய், திரும்பி வருகிற குழாய் என்று ஐந்தையும் இணைத்தேன். வாயு கசிகிறதா என்று சோதித்தேன். தண்ணீர் நிரப்பியதும் அழுத்தமானியின் முள் ஜம்மென்று ஏறியது. பற்றவைத்தேன். சமையலறைக் குழாயில் கை பொத்துப்போகிற அளவுக்கு வெந்நீர் கொட்டியது. நாரிஸ் கைதட்டினார். நானும் கொஞ்சம் தலைக்கனத்தோடு இஞ்சிக் கேக்கில் ஒரு துண்டு எடுத்துக் கடித்தேன்.

முள் இறங்கிவிட்டது.

மறுபடி நிரப்பினேன். பழைய குருடி கதவைத் திறடி. எங்கேயோ ஒழுகுகிறது என்று அடித்துச் சொன்னேன். மூன்று தரைப் பலகைகளைப் பெயர்த்தேன். பொட்டு ஈரமில்லை. முன்னறை ரேடியேட்டர் கொதித்தது. படுக்கையறையில் இருந்தது மட்டும் ஐஸாகக் கிடந்தது.

"ஹில்டா வந்துடுவா கண்ணு," என்றார் நாரிஸ். நான் நான்காவது பலகையைப் பெயர்க்கப் போனேன்.

அப்போது வாசல் கதவை யாரோ உடைப்பதுபோல் தட்டினார்கள். திறந்தால் கிளெமென்ட். அண்ணனின் அதே மூக்கு, அதே கம்பளிச் சட்டை. கையில் கரிய தண்ணீர் சொட்டும் ஒரு ஜோடி சாக்ஸ். அண்ணனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"அந்த ஆள்கிட்ட சொல்லும்மா. என் பின்னறையில ரேடியேட்டர் பாம்பு மாதிரி சீறுது. சாக்ஸ் காயப்போட்டிருந்தேன், கறுப்பாத் துப்பி வெச்சிருக்கு. பாதி சூடாகவும் ஆயிருச்சு. ஏழு வருஷமா செத்துக் கிடந்தது, இன்னைக்கு எந்திரிச்சு உக்காந்திருக்கு!"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். அப்பா போட்ட குழாய் ஒரே வளையம். சமையலறையில் கிளம்பி, முன்னறை வழியாகத் தம்பியின் பின்னறையைச் சுற்றி, ஹில்டாவின் படுக்கையறைக்கு வந்து திரும்புகிறது. நான் நிரப்பிய தண்ணீர் தம்பி பக்கம் போனதால்தான் முள் இறங்கியிருக்கிறது. சுவர் எழுப்பியவர்கள் தரைக்குக் கீழே பார்க்கவில்லை. இந்தப் பக்கத்து ரேடியேட்டர்களை மட்டும் எண்ணிவிட்டு வேலையை ஆரம்பித்தவள் நான். என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னேன். "கிளெமென்ட் ரூம்ல காத்து அடைச்சுக்கிட்டு நிக்குது. அதைத் திறந்துவிட்டா ஹில்டா ரூம் சூடாயிரும். இல்ல, குழாயை வெட்டித்தான் ஆகணும்னா தரையைப் பாதி பேக்கணும். அது இன்னைக்கு நடக்காது."

"அந்த ஆள்கிட்ட சொல்லு, ஒரே நிமிஷ வேலைதானாம்னு," என்றார் நாரிஸ், கூரையைப் பார்த்து.

"அந்த ஆள் கேக்கட்டும்," என்றார் கிளெமென்ட், மிதியடியைப் பார்த்து. "அவன் வாயால கேக்கட்டும்."

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. இரண்டு தலைகளையும் பிடித்து முட்டவிடலாமா என்று எனக்குக் கை பரபரத்தது. நாரிஸ் படுக்கையறைக்குப் போனார். ஐஸாகக் கிடந்த ரேடியேட்டரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். திரும்பி வந்து நேராகத் தம்பியின் எதிரே நின்றார்.

"கிளெம். ஹில்டா வர்றாடா. கதவைத் திற."

கிளெமென்ட் முதல் முறையாக அண்ணன் முகத்தைப் பார்த்தார். "இடுப்பு ஆபரேஷனாமே. நான் போஸ்ட்மேன் சொல்லித்தான் தெரிஞ்சுக்கணுமா? முட்டாளே! வா, கதவு திறந்துதான் கிடக்கு."

பிறகு நடந்ததை வேலை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. கிளெமென்ட்டின் பின்னறையில், ரேடியேட்டரின் காற்றுத் திருகைத் திறக்கும் சின்னச் சாவிக்கு இரண்டு கிழவர்களும் மல்லுக்கு நின்றார்கள்.

"இடப்பக்கம் திருப்புடா!"

"எனக்குத் தெரியும், நகரு!"

உஸ்ஸென்று காற்று போனது. பின்னாலேயே கறுப்புத் தண்ணீர் பீய்ச்சி நாரிஸின் மூக்கில் அடித்தது. கிளெமென்ட் சிரித்த சிரிப்பில் கட்டிலில் சரிந்துவிட்டார். நான் ஓடிப்போய் மறுபடி தண்ணீர் நிரப்பினேன். முள் ஏறி, ஏறிய இடத்திலேயே நின்றது.

ஹில்டா ஊன்றுகோலோடு உள்ளே வந்தபோது படுக்கையறை ரேடியேட்டரில் கை வைக்க முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து கோட்டைக் கழற்றினார். ஸ்வெட்டரையும் கழற்றினார். நான் மெதுவாக விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வேண்டுமானால் இன்னொரு நாள் வந்து தம்பி வீட்டுக் குழாயைத் துண்டித்துவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

அதற்குள் சுவர் அதிர்ந்தது.

"டேய் நாரிஸ்! இங்க வெந்து சாகறேன்! குறைடா!"

கூடத்தில் இருந்த நாரிஸ் குறைக்கவில்லை. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் சுவர்த் திருகை இன்னும் இரண்டு சுற்று ஏற்றிவிட்டு, சுவரில் வாயை வைத்துக் கத்தினார்.

"என் பாய்லர்! என் இஷ்டம்! ஜன்னலைத் திறந்துக்கோ!"

"ருபார்ப் திருடா!"

"யார்ரா திருடன்?"

ஹில்டா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது, முகம் முழுக்கச் சிரிப்பு.

"அப்பாடா," என்றார், "சண்டை போட ஆரம்பிச்சுட்டாங்க."