முதலாளிக்கு ஒத்திகை

எங்கள் கடைக்கு முதலாளி ஒரு நாய். இதை நான் சொல்லவில்லை, வருகிறவர்கள் சொன்னது. வீட்டின் முன்னறைதான் கடை. ஜிப் மாற்றுவது, பேண்ட்டின் அடியை மடித்துத் தைப்பது, இடுப்பைப் பிடிப்பது, விடுவது என்று போட்ட துணியைச் சரிசெய்கிற வேலை. புதுத்துணி தைப்பதில்லை. அளவு எடுக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, தைத்து முடித்ததும் சண்டைக்கு வருகிறவர்களோடு மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை கிடையாது. நான் மிஷினில் குனிந்துகிடப்பேன். அவன் மேஜைக்கு அடியில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொருவரையும் மேலும் கீழும் பார்ப்பான். வேலை என்னுடையது, மேற்பார்வை அவனுடையது. முதலாளி என்று கூப்பிடாமல் வேறு என்ன செய்வார்கள்?

முதலாளிக்கு வயதாகிவிட்டது. முதலில் பின்னங்கால் ஒன்று இழுத்துக்கொண்டது. நடந்தால் நகம் தரையில் படுகிற சத்தத்தோடு ஒரு கால் தேய்கிற சத்தமும் வரும். அப்புறம் வயிற்றில் கட்டி. பார்க்க வந்த டாக்டர், கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"இனிமே வலி கூடிக்கிட்டேதான் போகும். நீங்க சொல்ற அன்னைக்கு வீட்டுக்கே வந்து ஊசி போட்டுடறேன். தூங்கற மாதிரிப் போயிடுவான். நீங்க பக்கத்துல இருந்தா அவனுக்கு நிம்மதி."

'நீங்க' என்றபோது என்னைத்தான் பார்த்தார். "என்னால முடியாது டாக்டர்" என்றேன். வாயில் வந்த முதல் வார்த்தை அதுதான், உண்மையும் அதுதான்.

அம்மா இறந்த பிறகு பல மாதம் மிஷினைத் தொடாமல் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். என் வீட்டுக்காரருக்கு அந்தப் பயம் இன்னும் விடவில்லை. அவர் பஸ் டிரைவர். எந்தக் கஷ்டம் வந்தாலும் அதற்கு டிப்போவிலிருந்து ஒரு வைத்தியம் கொண்டுவருவார்.

"புது ரூட்டு குடுத்தா நாங்க முதல்ல காலி வண்டியத்தான் ஓட்டுவோம்" என்றார். "வளைவு எங்க, பள்ளம் எங்கன்னு கை பழகிடும். அப்புறம் ஆள ஏத்தினா பதட்டம் இருக்காது. இதையும் அப்படி ஓட்டிப் பாத்துடுவோமா?"

"எதைங்க?"

"அவன் இல்லாத வீட்ட."

"உங்க பஸ் புத்தி உங்கள விட்டுப் போகவே போகாது" என்று எரிந்து விழுந்தேன். ஆனால் அன்று மதியமே ஒத்துக்கொண்டேன்.

மாடி வீட்டில் என் நாத்தனார் இருக்கிறாள். நர்ஸ், இரவு வேலை. பகலில் வீட்டில் இருப்பாள். ஒத்திகைக்கு என்று நாங்கள் வைத்துக்கொண்ட முறை இது: வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பும் முன் முதலாளியைத் தூக்கிக்கொண்டுபோய் நாத்தனார் வீட்டில் படுக்க வைப்பார். நான் அவன் மெத்தையைச் சுருட்டிப் பீரோவுக்கு மேல் வைக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். பிறகு கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, அவன் போயேவிட்டான் என்று நினைத்துக்கொண்டு, வேலை பார்க்க வேண்டும். பொழுது சாயும்போது நாத்தனார் அவனைக் கீழே கொண்டுவருவாள்.

முதல் ஒத்திகை மகா கேவலம். அழுதுகொண்டே தைத்ததில் யாருடைய பேண்ட்டுக்கோ கால் வழியையே மூடித் தைத்துவிட்டேன். பிரித்துத் திரும்பத் தைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

அடுத்த ஒத்திகையில் அழுகை கொஞ்சம் அடங்கியிருந்தது. மிஷினில் அடிநூல் பாபினை மாற்றிக்கொண்டிருந்தேன். உள்ளறையிலிருந்து நகச் சத்தம் கேட்டது. டக் டக்கென்று அடுக்களைப் பக்கம் போனது. பழக்க தோஷத்தில் "டேய், மெதுவா" என்றுகூடச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அவன் மாடியில் இருக்கிறான். அதைவிட, அந்த நடையில் தேய்கிற கால் இல்லை. நான்கு காலும் சுத்தமாக விழுந்தன.

பிறகு தண்ணீரை நக்கிக் குடிக்கிற சத்தம்.

எழுந்து போய்ப் பார்த்தேன். கிண்ணம் அலமாரியில் நான் கவிழ்த்தபடியே இருந்தது, உள்ளே காய்ந்து. ஆனால் அது எப்போதும் இருக்கிற மூலையில், தரை ஈரமாக இருந்தது. துணியை எடுத்துத் துடைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. மனப்பிராந்தி என்பார், ஒத்திகையை நிறுத்திவிடுவார். அவர் நிறுத்திவிடுவாரோ என்று எனக்கு ஏன் பயமாக இருந்தது என்று அப்போது யோசிக்கவில்லை.

அடுத்த முறை, பள்ளிக்கூடத்து டீச்சர் தன் மகளின் சீருடையை வாங்க வந்தார். பையில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் மேஜைக்கு அடியில் குனிந்து, "அட, முதலாளி! என்ன வாலாட்டல் பலமா இருக்கு?" என்றார். எனக்கு ஊசிக்கண்ணில் நூல் நுழையவில்லை.

"ரொம்ப முடியலைன்னு சொன்னாங்களே. நல்லாத் தேறிட்டாரே! கால்கூடச் சரியாயிடுச்சு போல. எந்த டாக்டர்ட்ட காட்டறீங்க?"

"வீட்டுக்கு வர்ற டாக்டர்தான்" என்றேன். டீச்சர் சிரித்தபடி போய்விட்டார். நான் குனிந்து பார்க்கவில்லை. அடியில் ஏதாவது இருந்துவிடுமோ என்று பயம். ஒன்றுமே இல்லாமல் போய்விடுமோ என்றும் பயம். மிஷினை ஓட்டினேன். கொஞ்ச நேரத்தில் என் இடது பாதத்தின் மேல் சூடாக ஒரு பாரம் வந்து உட்கார்ந்தது. தாடையை வைத்து அழுத்தி, ஒரு பெருமூச்சு விட்டது. பாதத்தில் அந்தக் காற்று பட்டது.

பயந்து அலறியிருக்க வேண்டியவள் நான். அலறவில்லை. எனக்கு ஆனந்தமாக இருந்தது.

அதற்குப் பிறகு நானே கேட்க ஆரம்பித்தேன். "இன்னைக்குக் காலி வண்டி ஓட்டலையா?" வீட்டுக்காரர் பூரித்துப்போனார். "பாத்தியா, கை பழகிடுச்சு" என்றார். தினமும் மதியம் கிண்ணத்தைக் கவிழ்த்தேன். தினமும் அது வந்தது. மேஜைக்கு அடியில் புரண்டது, கதவருகே போய் தெருவைப் பார்த்துக் குரைத்தது, திரும்பி வந்து என் பாதத்தில் தாடையை வைத்தது. அதற்கு வலி இல்லை, முனகல் இல்லை, நாற்றம் இல்லை. சாயங்காலம் மாடியிலிருந்து வருகிறவனுக்கு எல்லாம் இருந்தது. அவனைத் துடைத்துவிட்டு, மருந்தை வாயில் விடும்போது, எப்போது மறுநாள் மதியம் வரும் என்று இருக்கும். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான் இருந்தேன்.

ஒருநாள் நாத்தனார் அவனைக் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அண்ணி, இந்த விளையாட்ட இதோட நிறுத்துங்க."

"உங்க அண்ணன் ஆரம்பிச்ச விளையாட்டு. அவர்ட்ட சொல்லு."

"அண்ணனுக்குத் தெரியாது. நான்தான கூட இருந்து பாக்கறேன்?" அவள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "மேல கொண்டுவந்து கொஞ்ச நேரத்துல இவன் ஒடம்பு தளந்து போயிடுது. கூப்பிட்டா காதுகூட அசையறதில்ல. கண்ணத் தொறந்து பாத்தா வெறும் கண்ணாடி மாதிரி இருக்கு. மூச்சு மட்டும் ஓடுது. எத்தனையோ பேர நான் அந்த நெலமைல பாத்திருக்கேன் அண்ணி. இது தூக்கம் இல்ல. ஆள் வெளியூர் போன வீடு மாதிரி இருக்கு. கீழ கொண்டுவந்து, நீங்க கிண்ணத்த நிமித்தி வெச்சாத்தான் முழிக்கறான். ஒவ்வொரு தடவையும் லேட்டாகுது."

மெத்தையில் கிடந்தவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். குட்டியாக இருந்தபோது 'உக்காரு' என்று ஒரே ஒரு தடவைதான் சொல்லிக் கொடுத்தேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் சொன்னதைச் செய்கிற பிறவி. நாங்கள் அவன் இல்லாத வீடு வேண்டும் என்று கேட்டோம். அவனும் எங்களோடு சேர்ந்து, உடம்பை விட்டுப் போகப் பழகிக்கொண்டிருந்தான்.

அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. சில நாளில் அவன் தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் ஆகிவிட, வீட்டுக்காரர் டாக்டரை வரச் சொல்லிவிட்டார்.

"நீ கீழயே இரு" என்றார், அவனைத் தூக்கிக்கொண்டு. "தினமும் ஓட்டின ரூட்டுதான். எல்லாம் முடிஞ்சதும் வந்து சொல்றேன்."

தலையாட்டினேன். மெத்தையைச் சுருட்டினேன். கிண்ணத்தைக் கவிழ்த்தேன். மிஷினில் உட்கார்ந்து ஒரு கிழிந்த சட்டைப் பையை எடுத்து வைத்துக்கொண்டேன். டாக்டர் மாடிப்படி ஏறுகிற செருப்புச் சத்தம் கேட்டது. அதே நேரத்தில் பாதத்தில் பாரம் வந்து உட்கார்ந்தது. அன்று அது வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. முழு நாயின் கனம்.

எனக்கு ஒரு எண்ணம் வந்தது. நான் எழுந்திருக்காமல் இப்படியே இருந்தால் போதும். மேலே நடப்பது நடக்கட்டும். இவனை யாரும் கொண்டுபோக முடியாது. இனி எந்தக் கட்டியும் வராது, எந்த டாக்டரும் வேண்டாம். நான் இருக்கிறவரை மேஜைக்கு அடியில் இருப்பான்.

மாடிப்படியின் உச்சியிலிருந்து நாத்தனார் கத்தினாள். "அண்ணி! டாக்டர் ஊசிய எடுத்துட்டார். இங்க ஒண்ணுமே இல்ல அண்ணி, வெறும் ஒடம்புதான் கெடக்கு. எங்க அவன்?"

கால்மாட்டில் இருந்தது ஒரு பெருமூச்சு விட்டது. இருக்கச் சொல்லிவிட்டேன் என்று அதற்குப் புரிந்துவிட்டது. இருக்கும். நான் போன பிறகும் இருக்கும். கடை வேறு யாருக்கோ கைமாறி, மேஜையையும் தூக்கிக்கொண்டு போன பிறகும், போகச் சொல்ல ஆளில்லாமல் இந்தத் தரையில் படுத்துக் காத்துக்கொண்டிருக்கும்.

காலை உருவிக்கொண்டு எழுந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. முன்னறையைத் தாண்டிப் படிக்குப் போனேன். பின்னாலேயே நகச் சத்தம் வந்தது, படியடியில் நின்றது. மெல்ல ஒரு சிணுங்கல். அதற்கு மேலே வர இஷ்டமில்லை. மேலே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியும்.

"வாடா" என்றேன்.

நான் ஏறினேன். அதுவும் ஏறியது. ஒவ்வொரு படியிலும் நான்கு கால்கள் சுத்தமாக விழுந்தன. பாதிப் படி தாண்டியதும் ஒரு கால் தேய ஆரம்பித்தது. இன்னும் மேலே போகப் போக மூச்சு இரைத்தது. கடைசிப் படிகளில் வலியில் முனகியது. நான் அழுதுகொண்டே முன்னால் நடந்தேன்.

நாத்தனார் வீட்டுக் கதவைத் தாண்டியதும் பின்னால் சத்தம் நின்றது. கட்டில் ஓரத்தில் விரித்த துணியில் கிடந்தவனுக்கு உடம்பு ஒரு தடவை தூக்கிப்போட்டது. கண்ணைத் திறந்தான். வலியும் கூடவே வந்துவிட்டது, அது அவன் கண்ணில் தெரிந்தது. சுகமாக இருந்த இடத்தைவிட்டு, நான் கூப்பிட்டேன் என்ற ஒரே காரணத்துக்காக அந்த உடம்புக்குள் திரும்பி வந்திருந்தான். வால் நுனி துணியில் லேசாகத் தட்டியது.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் விட்டார். தரையில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் எடுத்துக்கொண்டேன். டாக்டர் "போடட்டுமா?" என்று கேட்டார். போடுங்கள் என்று தலையாட்டினேன். ஊசி இறங்கியபோது நான் முகத்தைத் திருப்பவில்லை. அவனும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான், போகாமல், அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று.

காதருகே குனிந்தேன். "போடா ராஜா. கீழ வேண்டாம். எங்கயும் நிக்காத. போயிடு" என்றேன்.

அவன் என் சொல்லைத் தட்டியதே இல்லை.